பார்ட் ஒன் தமிழுக்கு நாம் செய்தது

விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக் கல்லூரி எதிலாவது வராந்தாவில் நின்று, முதலாண்டுப் பிள்ளை ஒன்றிடம் "அடுத்த பீரியட் என்னம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். மேஜர் வகுப்பென்றால் பாடத்தின் பெயரைச் சொல்லும். பார்ட் ஒன் என்றால், "சும்மா தமிழ்தான் சார்" என்று சொல்லிச் சிரிக்கும். கேட்கிற ஆள் தமிழ் வாத்தியார் என்று தெரிந்தும் சொல்லும். அதில் அவமரியாதை எதுவும் கிடையாது. வீட்டிலும் பேருந்திலும் சீனியர்களிடமும், சில சமயம் எங்கள் வாயிலிருந்தும் கேட்டதைத்தான் அது திருப்பிச் சொல்கிறது.

இந்தச் 'சும்மா' எப்படி வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் கை தானாகப் பிறரைக் காட்டப் போகிறது. பல்கலைக்கழகம், பாடத்திட்டக் குழு, செமஸ்டர் முறை, செல்போன். இந்தக் கட்டுரை முடியும்வரை அந்தக் கையை மடக்கி வைத்துக்கொள்கிறேன். கற்பித்தவர்கள், படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த காரியம் இது. முதல் இரண்டு வகையிலும் நான் இருந்திருக்கிறேன்; இப்போது மூன்றாவதிலும் சேர்ந்துவிட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தாலும் வணிகவியல் சேர்ந்தாலும் பகுதி ஒன்று என்று ஒரு மொழிப்பாடம் உண்டு. பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்கு நான்கு செமஸ்டர். தற்காலக் கவிதை, சிறுகதை, நாவல், பக்திப் பாடல், காப்பியம், சங்கப் பாட்டு, கூடவே கொஞ்சம் இலக்கணமும் இலக்கிய வரலாறும். இரண்டு மூன்று பிரிவுகளைச் சேர்த்து ஒரே கூடத்தில் உட்கார வைத்து நடத்துவோம். பட்டாசுக் கம்பெனி வேனில் அம்மாவை ஏற்றிவிட்டு, அடுத்த பேருந்தில் கல்லூரிக்கு ஏறி வரும் பிள்ளைகள் அந்தக் கூடத்தில் நிறைய. பலர் தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். ஒருவர் நின்று இலக்கியத்தை வாசித்துக் காட்ட, இவர்கள் உட்கார்ந்து கேட்கிற நேரம் வாழ்க்கையில் இந்த இரண்டு வருஷம்தான். அப்புறம் கம்பெனி அக்கவுண்ட்ஸ், கல்யாணம், கடன், குழந்தை. திரும்ப யாரும் இவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு கவிதை வாசிக்கப் போவதில்லை.

அந்த நேரத்தைத்தான் நாங்கள் நோட்ஸ் சொல்லியே கழித்தோம்.

இந்த மண்ணுக்குப் படிப்பு லேசில் வந்ததில்லை. மானாவாரிக் கரிசல், மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. வியாபாரிகள் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை போட்டார்கள். பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அப்படி ஊர் சேர்ந்து நடத்திய பள்ளிதான் விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை. காமராசர் சின்ன வயதில் படித்த இடம். அப்புறம் கல்லூரிகள் வந்தன. 1947-ல் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1962-ல் வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரி, 1963-ல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968-ல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி. அய்ய நாடார் யார்? 1920-களில் சண்முக நாடாரோடு கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தவர். தீப்பெட்டிக் காசும் பட்டாசுக் காசும் வகுப்பறையாயின. கட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டுப் போனார்கள். உள்ளே நின்று வாசிப்பது எங்கள் பங்கு.

நாங்கள் அதைச் செய்த விதத்தைச் சொல்கிறேன். பாடநூலைத் திறக்கச் சொல்வோம். பாதிப் பேரிடம் இருக்காது. சரி, நோட்டை எடுங்கள் என்போம். 'ஆசிரியர் குறிப்பு' என்று தலைப்பு. பிறந்த ஊர், பெற்றோர், எழுதிய நூல்கள், வாங்கிய விருதுகள். அடுத்தது 'பாடலின் பொருள்'. அதை மூன்று பத்தியாகச் சொல்வோம், அவர்கள் எழுதுவார்கள். கடைசியில் 'நயம்': மோனை, எதுகை, உவமை. மணி அடித்துவிடும். இதில் பாடலை வாசித்தது எப்போது? நேரம் இருந்தால் வாசிப்போம். வருஷக்கணக்கில் பழகியவர்களுக்கு நோட்ஸே தேவையில்லை. மஞ்சளடித்துப்போன அந்த நோட்டு வீட்டில் கிடக்க, வாய் தானாகச் சொல்லும். "போர்ஷன் முடிஞ்சிருச்சா?" என்று துறைத் தலைவர் கேட்பார். முடிந்தது என்போம். பொய்யில்லை. போர்ஷன் முடிந்துதான் இருந்தது.

ஏன் அப்படிச் செய்தோம் என்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டால், சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியவில்லை. ஒரு பாட்டை வகுப்பில் நிதானமாக வாசித்துவிட்டுச் சும்மா நின்றால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. கடைசி பெஞ்சில் யாராவது சிரிக்கலாம். ஒரு பெண் எழுந்து நமக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேட்கலாம். யாருக்கும் ஒன்றுமே தோன்றாமல் கூடம் மொத்தமும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதுதான் ரொம்பக் கஷ்டம். நோட்ஸ் சொன்னால் இந்த ஆபத்து எதுவும் இல்லை. எண்பது தலையும் குனிந்திருக்கும். வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று பெயரும் வாங்கலாம்.

இது நம் காலத்துக் கோளாறு மட்டும்தான் என்று நினைத்து ஆறுதல் அடையவும் வழியில்லை. போவர் பாதிரியார் 1868-ல் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டார். படிக்கிற பிள்ளைகளுக்கு அது பாடம். பதின்மூன்று இலம்பகத்தில் ஒன்று. மீதிப் பன்னிரண்டைப் பற்றிப் பரீட்சை எழுதியவர்களுக்குக் கவலை இல்லை. 1880 அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டுத் தூண்டிய பிறகுதான் உ.வே.சா. ஏடு தேடத் தொடங்கினார். முழு நூல் 1887-ல் வந்தது. இதில் நான் திரும்பத் திரும்ப நினைக்கிற விஷயம், முதலியார் தமிழாசிரியர் இல்லை என்பது. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தவர். இன்றைய கணக்கில் சொன்னால் அவர் ஒரு பார்ட் ஒன் மாணவர். மேஜர் வேறு, பிழைப்பு வேறு, ஆனாலும் பாடத்தில் வைத்த துண்டு அவருக்குப் போதவில்லை. எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பி.காம். பிள்ளைக்கு அப்படி ஒரு பசி வந்துவிட்டால் என்ன செய்வதென்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. வரும்படி நடத்தியதுமில்லை.

பக்கத்திலேயே இருந்ததையும் பார்க்காமல் விட்டோம். மேலாண்மறைநாடு நம் மாவட்டத்து ஊர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஊரில் சின்னக் கடை நடத்தி, கரிசல் சம்சாரிகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார் மேலாண்மை பொன்னுச்சாமி. 'மின்சாரப் பூ' தொகுப்புக்கு 2007-ன் சாகித்ய அகாதமி விருது. அவர் ஊரில் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில், ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார வைக்க எவ்வளவு செலவாகியிருக்கும்? டவுன் பஸ் டிக்கெட்டும் ஒரு டீயும். 2017-ல் அவர் காலமானதும் ஆசிரியர் குறிப்பில் இறந்த ஆண்டைச் சேர்த்துக்கொண்டோம். மல்லாங்கிணற்றுக்காரர் எஸ். ராமகிருஷ்ணனுக்கு 2018-ல் 'சஞ்சாரம்' நாவலுக்காக அதே விருது வந்ததும் கல்லூரி வாசலில் பேனர் வைத்தோம். நாவலை வாசித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று ஆசிரியர் அறையில் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. 'பூ' படத்தைப் பிள்ளைகள் பாதிப் பேர் டிவியில் பார்த்திருக்கிறார்கள். அது ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' என்ற சிறுகதையிலிருந்து வந்தது என்றும், அவர் சாத்தூர்ப் பக்கத்து ஆள் என்றும் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எங்களிடம் இல்லை.

ஆண்டாளை விட்டுவிட முடியாது. திருவில்லிபுத்தூர் சிவகாசியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள். ஆடிப்பூரத் தேருக்குப் போகாத வீடு குறைவு. அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் நம்மூருடையது என்று பெருமையும் உண்டு. வகுப்பில் என்ன செய்தோம்? திருப்பாவை 30 பாசுரம், நாச்சியார் திருமொழி 143 என்று எண்ணிக்கையை எழுதச் சொன்னோம். நாச்சியார் திருமொழியில் ஒரு பெண் தன் ஆசையை எவ்வளவு துணிந்து வாய்விட்டுச் சொல்கிறாள் என்பதை, பதினெட்டு வயதுப் பெண்கள் நிறைந்த கூடத்தில் பேசக் கூச்சப்பட்டு, 'பக்திச் சுவை ததும்புகிறது' என்று ஒரு வரி போட்டுத் தாண்டினோம். கூச்சம் எங்களுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பெண்கள் எங்களைவிடத் தெளிவாக இருந்தார்கள்.

கூச்சத்தைவிடப் பெரியது பயம். பூமணியின் 'அஞ்ஞாடி' 2014-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1899-ல் இந்த வட்டாரத்தில் நடந்த சிவகாசிக் கலவரமும் அதில் இருக்கிறது. நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் இரண்டு பக்கமும் நின்ற கதை. கூடத்திலும் அந்த இரண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எடுத்தால் சாதிப் பேச்சு வரும், பெற்றோர் வருவார்கள், வம்பு என்று ஒதுக்கினோம். அந்த ஒதுக்கலில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பில் பேசாததைப் பிள்ளைகள் பேசாமல் இருந்துவிடவில்லை. பேருந்தில் பேசினார்கள், கையில் கட்டிய கயிற்றின் நிறத்தில் பேசினார்கள். இலக்கியத்தின் துணையோடு பேசக் கிடைத்த ஒரே இடத்தை நாங்கள் மூடிவைத்ததுதான் மிச்சம்.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் அடக்கம். அன்றைக்கு ஆசிரியர் தினம். காலையில் பிள்ளைகள் கொடுத்த பேனாவும் ரோஜாவும் மேசையில் கிடக்க, மத்தியானத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் சத்தம் நிற்கவே இல்லை. அந்தப் பருவத்தில் புறநானூற்றிலிருந்து, இறந்தவரை எண்ணிப் புலம்பும் கையறுநிலை பாடமாக இருந்த வகுப்புகள் எங்கள் வட்டாரத்தில் இருந்தன. பாரி மகளிர் பாட்டு. தகப்பனையும் மலையையும் இழந்த இரண்டு பெண்பிள்ளைகள் சொல்கிற ஐந்தே அடி. மறுநாளோ அதற்கடுத்த வாரமோ வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். நாங்கள் இரண்டு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னோம். செலுத்தினார்கள். பிறகு, "கையறுநிலை என்பது யாது? இரண்டு மதிப்பெண்" என்று எழுதச் சொன்னோம். அந்த ஐந்தடியை மெதுவாக ஒருமுறை வாசித்திருந்தால் போதும், விளக்கமே வேண்டாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே துக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். உட்கார விடவில்லை. எங்கள் தொண்டை கம்மிவிடும் என்று பயந்தோமா, போர்ஷன் பின்தங்கும் என்று பயந்தோமா என்று இன்றைக்கும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை.

படித்தவர்களாக நாம் செய்ததும் கொஞ்சமில்லை. தேர்வுக்கு முதல்நாள் ராத்திரி ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருக்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்குகிற மைக்ரோ ஜெராக்ஸில் சிலப்பதிகாரத்தைச் சுருக்கி வைத்திருக்கிறோம். கண்ணகி வழக்குரைத்த காதை அந்த அளவுக்குச் சுருங்கும் என்பது எங்களைப் போன்றவர்களின் கண்டுபிடிப்பு. பெற்றோராகவும் அப்படித்தான். பிள்ளை தமிழில் அரியர் வைத்தால், "தமிழ்ல கூடவா சார் பெயிலாவாங்க?" என்று சிரிப்போம், கணக்கில் வைத்தால் டியூஷன் தேடுவோம். நம் வீட்டுப் பெண் பாடநூலை வாய்விட்டு வாசித்தால், "சத்தத்தைக் கொறை, சீரியல் ஓடுது" என்றிருக்கிறோம். பிறகு டிஎன்பிஎஸ்சி வந்தது. 2021-ல் தமிழ்த் தகுதித் தாளைக் கட்டாயமாக்கியதும் தமிழுக்குத் திடீர் மரியாதை. சந்தோஷப்பட்டோம். ஆனால் பிள்ளைகள் கேட்டது நூல், ஆசிரியர், அடைமொழி; கொடுத்ததும் அவ்வளவுதான். வாசிக்காமலேயே ஒரு நூலைப் பற்றி ஐந்து கேள்விக்குப் பதில் சொல்லும் திறமையை நாங்கள் நன்றாக வளர்த்துவிட்டோம்.

இத்தனையும் எந்த ஊரில்? நாட்டுக்கெல்லாம் நோட்டும் காலண்டரும் டைரியும் அச்சடிக்கிற ஊரில். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். தினசரித் தாளின் மூலையில் ஒரு குறளோ பொன்மொழியோ இருக்கும். இன்னொரு பக்கம் பழைய தாள்கள் லோடு லோடாக வந்து இறங்கிப் பட்டாசுக் குழாயாகச் சுருளும். தீபாவளிக்கு மறுநாள் தெருவைக் கூட்டும்போது குப்பையை ஒரு கை அள்ளிப் பாருங்கள். ஓரம் கருகிய துண்டில் யாருடைய கையெழுத்திலோ பாதிச் சொல், சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு மதிப்பெண் கூட இருக்கும். அதைப் பார்த்துத் தமிழாசிரியர்கள் எங்களுக்குள் ஒரு கிண்டல் உண்டு: நம் நோட்ஸ் கடைசியில் எங்காவது சத்தம் போட்டதே, அதுவரைக்கும் லாபம்.

கிண்டல் பண்ணிக்கொண்டே இருக்க முடியாது என்று சிலருக்குத் தோன்றி, சில கல்லூரிகளில் சிலர் கொஞ்சம் மாற்றிப் பார்க்கிறோம். பெரிய திட்டம் ஒன்றுமில்லை. முதல் பத்து நிமிஷம் நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் பாடலை இரண்டு முறை வாசிப்பது. சிறுகதையென்றால் பிள்ளைகளே ஆளுக்கொரு பத்தி. இன்டர்னல் மதிப்பெண் எங்கள் கையில் இருக்கிறது, அந்த அசைன்மென்டுக்கு நூலகத்தில் பார்த்து எழுதிய ஆசிரியர் குறிப்பை வாங்குவதில்லை. வீட்டில் ஒரு பெரியவரிடம் கேட்டு ஒரு ஒப்பாரியோ தாலாட்டோ கதையோ, இல்லையென்றால் அவர்களது ஒருநாள் வேலையையோ சொன்னபடியே எழுதி வரச் சொல்கிறோம். ஊர்ப் பேச்சிலேயே எழுதலாம், திருத்தமாட்டோம்.

முதலில் வந்த கட்டில் பாதி காப்பி. இரண்டு பெண்களின் அம்மாச்சிகள் ஒரே ஒப்பாரியை ஒரே எழுத்துப் பிழையோடு பாடியிருந்தார்கள். ஆனால் ஒரு தாள் வேறு மாதிரி இருந்தது. கம்பி மத்தாப்பு வேலைக்குப் போகும் தாயைப் பற்றிய ஒன்றரைப் பக்கம். அம்மா சாயங்காலம் வந்து முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவது, அப்படியும் நக இடுக்கில் வெள்ளி நிறம் போகாமல் நிற்பது, சோற்றைப் பிசையும்போது தம்பி அந்தக் கையைப் பார்த்து "அம்மா மினுங்குது" என்று சொல்வது, அதற்கு அம்மா கோபப்படுவது. கோபம் ஏன் என்று அந்தப் பெண் விளக்கவில்லை. அந்த இடத்தில் பத்தியை நிறுத்திவிட்டு, அடுத்த பத்தியில் சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் போய்விட்டாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததில்லை. தாளின் ஓரத்தில் சாம்பலும் வெள்ளியுமாக ஒரு விரல் ரேகை. விடுமுறை நாளில் அவளும் அம்மாவோடு போகிறாள் போல.

அதை வகுப்பில் வாசிக்கலாமா என்று அவளைக் கேட்டோம். பெயர் சொல்லாமல் வாசியுங்கள் சார் என்றாள். வாசித்த பிறகு கூடத்தில் பேச்சு கிளம்பியது. மத்தாப்பு வேலையைவிடச் சரம் பின்னுவது கஷ்டம் என்று ஒருத்தி. இல்லை, தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்குவதுதான் என்று இன்னொருத்தி. அந்தச் சூட்டோடு பூமணியின் ஒரு கதையை எடுத்தோம். எழுதியவர் பிறந்த ஊர் எது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, கதையின் பேச்சில் வந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் கேட்டார்கள். அது எங்கள் ஊரில் வேறு மாதிரி, உங்கள் ஊரில் வேறு மாதிரி என்று திருத்தங்கல்காரியும் வெம்பக்கோட்டைக்காரனும் மணி அடித்த பிறகும் விடவில்லை.

எல்லா வகுப்பும் இப்படி நடப்பதில்லை. பல நாள் பத்து நிமிஷ வாசிப்புக்குப் பிறகு, "சார், நோட்ஸ்?" என்றுதான் குரல் வருகிறது, களைப்பாக இருக்கும் நாளில் கொடுத்தும் விடுகிறோம். செமஸ்டர் வினாத்தாள் இன்னும் கையறுநிலை என்பது யாது என்றுதான் கேட்கிறது. இந்தப் பருவத்தில் இலக்கிய வரலாறு யூனிட் முழுசாகப் பாக்கி, மாடல் எக்ஸாம் அடுத்த வாரம். துறைத் தலைவர் வழக்கமான கேள்வியோடு வருவார். என்ன பதில் சொல்வது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை ஒரு ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிடலாம் என்பது இப்போதைய முடிவு.